தேர் அளந்த சதுக்கம்

உச்சிக்காலம் முடிந்து நடராஜர் கோயில் நடை சாத்திவிட்டால் சிதம்பரத்தில் சாயங்காலம் வரை யாருக்கும் அவசரம் கிடையாது. வெளியூர் வேன்கள் சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் போய்விடும். கீழசன்னதியில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவர் துண்டை உதறிப் போட்டுச் சாய்ந்துவிடுவார். பாத்திரக் கடை, பூசைச் சாமான் கடை எல்லாம் பாதி ஷட்டர். முன்குடுமி முடிந்த தீட்சிதர் ஒருவர் மொபெட்டில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு வடக்குவீதிப் பக்கம் திரும்புவார். அவர் போனதும் அந்த வீதியில் மிச்சம் இருப்பது வெயிலும், ஓரமாக உட்கார்ந்து பூத் தொடுக்கிற ஆயாவும்தான்.

ஆடி மாதம், மணி இரண்டரை. ஆயாவுக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு கடைப் படியில் நானும் உட்கார்ந்தேன். நாரை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். இந்தப் பக்கம் இரண்டு மல்லி, அந்தப் பக்கம் இரண்டு, நாரில் ஒரு சுற்று, விரலால் ஒரு இழுப்பு. கண் வீதியில் இருந்தது. வேலையைக் கை தானே பார்த்துக்கொண்டது.

"யாருக்காவ காத்திருக்கியா தம்பி?"

"இல்ல ஆயா, சும்மாதான்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது இந்த ஊரில் ஒரு தொழில் மாதிரி.

பயணக் கட்டுரைகளில் வெளிநாட்டு நகரங்களின் சதுக்கங்களைப் பற்றி எழுதுவார்கள். நடுவில் வெட்டவெளி, ஒரு நீரூற்று, புறாக்கள், சுற்றிலும் பழைய வீடுகள், மாலையில் வந்து உட்காரும் ஊர்க் கிழவர்கள். படிக்கும்போதெல்லாம் நம் ஊரில் இப்படி ஒன்று இல்லாமல் போயிற்றே என்று ஒரு ஏக்கம் வரும். எனக்கும் வந்ததுண்டு. சிதம்பரத்தின் நான்கு வீதிகளையும் பத்திருபது தடவை சுற்றி வந்த பிறகுதான் அந்த ஏக்கம் தேவையில்லாதது என்று புரிந்தது. சதுக்கம் இருக்கிறது. நடுவில் கோயில் உட்கார்ந்திருப்பதால் நமக்கு அது சதுக்கமாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சொல்லும் நம்முடையதுதான். தஹ்ரீர் சதுக்கம், தியனன்மென் சதுக்கம் என்று செய்தித்தாளில் படித்துப் படித்து, அது ஏதோ மொழிபெயர்ப்பாளர்கள் செய்துகொண்ட சொல் போல ஆகிவிட்டது. சிதம்பரத்திலிருந்து சீர்காழி தாண்டிப் போனால் வரும் பூம்புகாரில், சிலப்பதிகாரம் சொல்கிற ஐந்து மன்றங்களில் ஒன்று பூதசதுக்கம். பொய்த்தவம் செய்பவனையும் பொய்ச்சாட்சி சொல்பவனையும் பிடித்துத் தின்கிற பூதம் அங்கே காவல் இருந்ததாம். ஆக, நம் பழைய சதுக்கம் காற்று வாங்குகிற இடம் மட்டுமல்ல. ஊரின் மனசாட்சியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

மன்றம், பொதியில், அம்பலம். ஊர் கூடுகிற பொது இடத்துக்குத் தமிழில் இப்படிப் பல பெயர்கள். மறைத்து வைத்த ஒன்று வெளியே வந்துவிட்டால் "அம்பலமாயிற்று" என்று இன்றைக்கும் சொல்கிறோம். பத்துப் பேர் பார்க்கிற இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். இப்போது தில்லையின் பெயரைப் பாருங்கள்: சிற்றம்பலம். ஆடுகிறவன் அம்பலவாணன், மன்றாடி. மலை உச்சியையும் குகையையும் விட்டுவிட்டு, ஊர்ப் பொதுவிடத்தில் வந்து நின்று ஆடுகிற சாமி என்றுதான் தமிழ் அவரை முதலில் கண்டிருக்கிறது. சதுக்கத்தின் பெயரையே சாமிக்கு வைத்த ஊரில், சதுக்கம் இல்லையே என்று ஏங்கியதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

வெட்டவெளி எங்கே என்று கேட்டால், அதுவும் இருக்கிறது. சிற்றம்பலத்தில் நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்கும். ரகசியம் பார்க்க வேண்டும் என்றால் தீட்சிதர் அந்தத் திரையை விலக்கி ஆரத்தி காட்டுவார். உள்ளே சிலை இருக்காது. தங்க வில்வ இலை மாலைகள் தொங்கும். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஐம்பூதத் தலங்களில் இது ஆகாசம் என்று சொல்வது அதைத்தான். நான்கு வீதி, அதற்குள் மதில், மதிலுக்குள் பிராகாரங்கள், மண்டபங்கள், அம்பலம், திரை என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் வருவது வெறும் வெளி. சதுக்கத்தின் காலி இடத்தை இவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிற ஊர் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வீதிகளுக்கு வருவோம். கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி. நிலம் கடலை நோக்கித் தாழ்ந்து போவதால் கிழக்கு நமக்குக் 'கீழ'. மேடான மேற்கு 'மேல'. நான்கு கோபுரங்களிலிருந்தும் நான்கு சன்னதித் தெருக்கள் குட்டையாக ஓடிவந்து இந்த வீதிகளில் சேரும். மதிலுக்கும் வீதிக்கும் இடையே வீடுகளும் சந்துகளும் தோட்டங்களும் ஒரு பட்டையாகச் சுற்றிக் கிடக்கும். வேகமாக நடந்தால் நான்கு வீதியையும் அரைமணி நேரத்துக்குள் சுற்றிவிடலாம். தெரிந்தவர் யாரையாவது பார்த்துவிட்டால் ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஊரில் தெரிந்தவரைப் பார்க்காமல் ஒரு வீதியைக் கடக்க முடியாது.

நடப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. காலையில் மேலவீதி, கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் வீதியில் விழுந்திருக்கும். மாலையில் கீழவீதி, மேற்கு வரிசையின் நிழல் அங்கே வந்துவிடும். ஓய்வு பெற்ற வாத்தியார்களும் பேராசிரியர்களும் இந்த ஒழுங்கில்தான் நடக்கிறார்கள். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து பேராசிரியர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. கையில் கடிகாரம் இல்லாவிட்டாலும் எந்த வீதியில் எத்தனை வேட்டி நடக்கிறது என்பதை வைத்து மணி சொல்லிவிடலாம்.

இந்த வீதிகள் இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் மாட்டுவண்டியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. தேர்தான். தேர் எவ்வளவு அகலமோ, அதை இழுக்கிற கூட்டத்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, மூலையில் அது திரும்ப எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவுதான் வீதியின் அளவு. ஆண்டுக்கு இரண்டு நாள் தேவைப்படுகிற இடத்தை மீதி நாட்களில் ஊர் அனுபவிக்கிறது. ஆனித் திருமஞ்சனத்துக்கு முதல் நாள் ஒரு தேரோட்டம், மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள் இன்னொன்று.

மற்ற ஊர்களில் மூலவர் கருவறையிலேயே இருப்பார். வீதிக்கு வருவது உற்சவர். இங்கே மூலவரே தேரேறி வருகிறார். உள்ளே நின்று தரிசிக்க முடியாதவர்களையும், தரிசிக்க விடப்படாதவர்களையும் தேடி அந்த அம்பலத்துக்காரர் வெளியே வருகிற நாட்கள் அவை. விநாயகர் முன்னே, அடுத்து முருகன், நடுவில் நடராஜர், பின்னால் சிவகாமசுந்தரி, கடைசியாகச் சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள். கீழவீதித் தேரடியில் காலையில் புறப்பட்டு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலமாகச் சுற்றி, இருட்டும் நேரத்தில் பழைய நிலைக்கே வந்து சேரும். நீங்களும் நானும் அரைமணியில் சுற்றுகிற தூரத்துக்கு அவருக்கு ஒரு பகல் முழுக்க வேண்டியிருக்கிறது.

தேரோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் மேலே பார்ப்பார்கள். நான் சக்கரத்தைப் பார்க்கச் சொல்வேன். அதிலும் கீழவீதியும் தெற்குவீதியும் சேருகிற மூலையில் நின்று பார்க்க வேண்டும். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. வடம் பிடிக்கிற நூற்றுக்கணக்கான கைகள் இழுக்க மட்டும்தான் செய்யும். நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தோடு சக்கரமாக ஓடுகிற ஏழெட்டுப் பேர். கையில் முட்டுக்கட்டை. ஆப்பு வடிவத்தில் செதுக்கின கனத்த மரத்துண்டு. வலப்புறம் திரும்ப வேண்டுமா, வலச் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுவார்கள். அந்தச் சக்கரம் முனகிக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் மட்டும் நகரும். தேர் ஒரு விரற்கடை திரும்பும். கட்டையை எடு, மறுபடி போடு. உருளுகிற சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டு எடுக்க வேண்டும்; ஒரு நொடி தவறினால் விரல் மிஞ்சாது. மரம் நசுங்கிச் சிராய் சிராயாகத் தெறிக்கும். மேலே கலசம் ஆடும்போது கூட்டம் "ஓ" என்று கத்தும். கீழே இருப்பவருக்கு அண்ணாந்து பார்க்க நேரம் இருக்காது.

"முட்டுக்கட்டை போடாதே" என்று வசவாகச் சொல்கிறோமே, அந்த மூலையில் நின்று பார்த்த பிறகு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. முட்டுக்கட்டை இல்லை என்றால் தேர் தெற்குவீதிக்குத் திரும்பாது. நேராக யாருடைய வீட்டுத் திண்ணையிலோ போய்த்தான் நிற்கும்.

அன்றைக்குக் காலையில் பெண்கள் வீதியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். தேர் கோலத்தின் மேல்தான் போகும். மின்கம்பிகளை அவிழ்த்து விட்டிருப்பார்கள். நான்கு வீதியிலும் ஃபேன் ஓடாது, யாரும் குறை சொல்லமாட்டார்கள். மேலவீதியும் வடக்குவீதியும் சேருகிற மூலைக்குக் கஞ்சித்தொட்டி முனை என்று பெயர். பஞ்ச காலங்களில் கஞ்சி காய்ச்சி ஊற்றிய இடங்களைத் தமிழ்நாட்டில் இப்படித்தான் அழைத்தார்கள். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன தலைமுறை ஒன்று உண்டு. இங்கே அந்த முனையில் தேர் நிற்கும். பருவதராஜ குலத்தார், அதாவது மீனவர், தாய்வீட்டுச் சீர் கொண்டு வருவார்கள். அம்பாள் அவர்கள் வீட்டுப் பெண் என்பது உரிமை. பட்டும் பழமும் தேரேறுகிற வரைக்கும் நகர முடியாது. உலகை ஆட்டுவிக்கிறவரானாலும் மாமியார் வீட்டு மரியாதையை வாங்கிக்கொள்ளாமல் போக முடியுமா?

நானும் ஒரு தடவை வடம் பிடித்தேன். பத்தடி நகர்வதற்குள் ஒரு செருப்பு போயிற்று. இன்னொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதையும் அங்கேயே விட்டுவிட்டு, வெந்த தார் ரோட்டில் குதித்துக் குதித்து வீடு போனேன்.

இத்தாலியில் சியெனா என்று ஓர் ஊர். அதன் பெரிய சதுக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலை 2ஆம் தேதியும் ஆகஸ்டு 16ஆம் தேதியும் குதிரைப் பந்தயம் நடக்கும். மக்கள் நடுவில் நிற்பார்கள். குதிரைகள் விளிம்பில் சுற்றி ஓடும். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதைப் பார்க்க உலகமே திரண்டு போகிறது. நம்முடையதும் ஆண்டுக்கு இரண்டு முறை, விளிம்பில் சுற்றுவதுதான். ஆனால் யாரும் ஜெயிப்பதில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்கு 'நிலைக்கு வந்தது' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தச் சதுரத்தை ஒழுங்கு செய்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ராஜா இல்லை, ஒரு தளபதி. மணவில் கூத்தன், பட்டப்பெயர் நரலோகவீரன். முதலாம் குலோத்துங்கனிடமும் அடுத்து விக்கிரம சோழனிடமும், அதாவது 11ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், வேலை பார்த்தவர். சண்டை போட்டதை விட்டுவிடுங்கள். தில்லையில் அவர் செய்த திருப்பணிகளைத் தமிழ் வெண்பாக்களாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கால் மண்டபம், சிவகங்கைக் குளத்துக்குக் கல் படி, சாமி புறப்பாட்டுக்கு வீதி விளக்குகள், நந்தவனம். அதோடு மாசிக் கடலாட்டுக்குச் சாமி கிள்ளைக் கடற்கரைக்குப் போய்வர ஒரு பாதையும், அங்கே தங்க ஒரு மண்டபமும். கோபுரம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். தெருவிளக்கையும் சாலையையும் நினைக்கிறவர் ஒருவர்தான் வருவார். கோயிலைச் சுற்றிய வீதிக்கு விக்கிரம சோழனின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. இப்போது அது திசைப்பெயருக்கே திரும்பிவிட்டது. ஊர் யார் பெயரையும் ரொம்ப நாள் சுமப்பதில்லை.

விக்கிரமனுக்கு அடுத்து வந்த இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அரங்கேற்றம் இந்தக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில். அது முடிந்ததும் நூலையும் ஆசிரியரையும் யானை மேல் ஏற்றி, அரசனே பின்னால் உட்கார்ந்து சாமரம் வீச, திருவீதிகளில் சுற்றி வந்ததாகச் சேக்கிழார் புராணம் சொல்லும். எழுத்தாளனை ஊர்வலமாகக் கொண்டுபோன வீதி என்பதால், இந்த வீதிகளில் நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கத் தோன்றும். சாமரத்துக்குப் பதில் அரசுப் பேருந்தின் புகை.

கோபுரம் எழுப்பிய பாண்டியன், காடவன் கோப்பெருஞ்சிங்கன், கிருஷ்ணதேவராயர் கதைகள் எல்லாக் கோயில் புத்தகத்திலும் இருக்கின்றன; விட்டுவிடுகிறேன். புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். 1648இல் படையெடுப்புக்குப் பயந்து நடராஜரை ஊரைவிட்டே கொண்டுபோனார்கள். குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருந்துவிட்டு 1686இல்தான் அவர் திரும்பினார். 37 ஆண்டுகளுக்கு மேல். அந்த வருஷங்களிலும் ஆனி வந்தது, மார்கழி வந்தது. பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற ஒரு தலைமுறை, ஆடவல்லான் இல்லாத அம்பலத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. சதுக்கம் வெறிச்சோடிக் கிடந்ததா, பழக்கத்தில் வாசலில் கோலம் போட்டார்களா? வடக்குவீதியின் மத்தியான நேரத்தில் உட்கார்ந்தால் இந்தக் கேள்விதான் வருகிறது.

18ஆம் நூற்றாண்டு இன்னும் மோசம். உயர்ந்த மதில் இருக்கிறது, குளம் இருக்கிறது என்று பார்த்த பட்டாளங்களுக்குக் கோயில் கோட்டையாகத் தெரிந்தது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பிடித்தார்கள். பிறகு ஹைதர் அலியின் படை உள்ளே இறங்கியது. 1781 ஜூன் 18 அன்று ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் மதிலைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 1ஆம் தேதி, பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்று அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். வரலாற்றுப் புத்தகத்தில் பரங்கிப்பேட்டைக்குப் பாராவும் சிதம்பரத்துக்கு ஒரு வரியும் கிடைக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே நடக்க முடிந்தவர்களின் கதை. சதுக்கம் பொதுவிடம் என்று பெயர் மட்டும் இருந்தால் போதுமா?

தில்லையில் தங்கக் கூசி, வெளியே தங்கியவர் திருஞானசம்பந்தர். திருவேட்களத்தில் தங்கி வந்து போனார். வேட்களம் இன்றைக்குப் பல்கலைக்கழகத்தை ஒட்டி அண்ணாமலைநகரில் இருக்கிறது. மாணவர்கள் சைக்கிளில் தாண்டிப் போகிற கோயில். அது பக்தியால் வந்த கூச்சம். இன்னொருவர் வெளியே நின்றது அப்படி இல்லை. ஆதனூரிலிருந்து வந்த நந்தனார், தில்லை எல்லையைத் தொட்டதும் உள்ளே காலெடுத்து வைக்காமல், இரவும் பகலும் ஊரின் எல்லையையே வலம் வந்தார் என்கிறது பெரியபுராணம். நான்கு வீதிச் சதுரத்துக்கு வெளியே, அதைவிடப் பெரிதாக, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சதுரம் இருந்தது. அதில் அவர் மட்டும் நடந்தார். கடைசியில் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. அதை அருள் என்று எழுதினார்கள். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். பக்தியால் மட்டும் அல்ல.

ஓமக்குளத்தில் நந்தனார் மடம் இருக்கிறது. 1916இல் சுவாமி சகஜானந்தர் அங்கே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்கு முன்பே, 1864இல், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இந்த ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்திருந்தார். சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் வைப்பது ஒரு மரபு. ஆனால் வீதியைச் சுற்றி வளைத்து நின்ற அந்த வெளிச் சதுரத்தை உடைத்தது சகஜானந்தரின் பள்ளிக்கூடம்தான். நான்கு வீதிகளைப் பற்றி எழுதுகிற எவரும் ஓமக்குளம் வரைக்கும் ஒருமுறை நடந்துவிட்டு வந்து எழுத வேண்டும்.

மாவட்டத் தலைநகரம் கடலூர், வடக்கே ஒரு மணி நேர பஸ் பயணம். அங்கே நிஜமாகவே நடுவில் வெட்டவெளி கொண்ட இடம் உண்டு: மஞ்சக்குப்பம் மைதானம். பழைய கலெக்டர் ஆபீஸ், டவுன்ஹால் எல்லாம் அந்தப் பக்கம். பொருட்காட்சி, பொதுக்கூட்டம், சர்க்கஸ் என்று ஊருக்கு எது வந்தாலும் அங்கேதான் கூடாரம் அடிக்கும். எதுவும் இல்லாத நாட்களில் பையன்கள் ஒரே மைதானத்தில் ஐந்தாறு கிரிக்கெட் ஆடுவார்கள். ஒருவன் அடித்த பந்தை இன்னொரு ஆட்டக்காரன் பொறுக்கிக் கொடுப்பான். சண்டை வராது.

கடலூரின் அளவை வேறு. 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயரைக் கொடுத்தாரே, அவரேதான். கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் உண்டு. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு. சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. சிதம்பரத்தை அளந்தது தேர். கடலூரை அளந்தது பீரங்கி. அது செயின்ட் டேவிட் கோட்டையாகி, சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவே இருந்தது. 1756இல் ராபர்ட் கிளைவ் வந்து அதிகாரம் ஏற்றார். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது. மஞ்சக்குப்பத்தில் கவர்னர்களின் தோட்ட வீடு நின்றுவிட்டது. கோட்டை கெடிலத்தங்கரையில் இடிபாடாகிவிட்டது.

ஆனாலும் மஞ்சக்குப்பத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூரில். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய கோபக்காரர்களும் அந்தக் குண்டு விழுந்த மண்ணுக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள் என்பதை எதேச்சை என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூர் தன் மரங்களை இழந்தது. மறுநாள் போய்ப் பார்த்தவர்கள், வெளிச்சம் அதிகமாக இருந்ததால் தெரு அடையாளம் தெரியவில்லை என்றார்கள்.

சிதம்பரத்து வீதிகளின் குறையையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஐந்துக்கு மேல் கீழவீதியில் இந்த அமைதியைத் தேடினால் கிடைக்காது. இரண்டு பக்கமும் பைக்குகள், கடையை விட்டு வெளியே வந்த கடைகள், கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே அளவில் பேனர்கள். தேர் போக வேண்டிய இடம் என்பதால்தான் நிரந்தரமாக யாரும் எதையும் கட்டிவிடாமல் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்ற இதைவிட ஒழுங்கான ஏற்பாடு எந்த நகரத் திட்டத்திலும் நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் தேர் ஓடாமல் போன ஊர்களில் தேர்வீதி எப்படிச் சுருங்கிப் போயிற்று என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பசித்தது. சிதம்பரத்தில் பசித்தால் கொத்சு. கோயில் நைவேத்தியத்தில் மிளகு, சீரகம், நெய் போட்ட சம்பா சாதத்துக்குத் துணை கத்தரிக்காய்க் கொத்சு. நல்லெண்ணெயில் கத்தரிக்காயைக் குழைய வதக்கி மசித்து, புளியைக் கரைத்து விட்டு, வறுத்து அரைத்த மல்லியும் மிளகாயும் சேர்த்துச் சுண்ட வைப்பது. எண்ணெய் பிரிந்து மேலே வர வேண்டும். வராவிட்டால் அது கொத்சு இல்லை, புளிக்குழம்பு. ஓட்டல்களில் இட்லிக்குத் தருகிறார்கள். அந்த நேரத்தில் இட்லி இல்லை. டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஆயா இருந்த இடத்தில்தான் இருந்தார். வீதியின் வடவண்டை வரிசை. நிழல் அவர் கூடைக்கு ஒரு முழம் தாண்டி விழுந்திருந்தது. எதிர்வரிசை முழுக்க வெயில். போன மார்கழியில் வந்தபோது அவரை எதிர்ப்பக்கத்தில் பார்த்த ஞாபகம்.

"ஆயா, அப்ப அந்தாண்டதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா. மார்கழில சூரியன் தெக்க சாஞ்சிப்புடும், நெழலு அந்தாண்ட வுழும். ஆனி ஆடிக்கு இந்தாண்ட." நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆவணி பொறந்தா எடம் மாறிடுவேன். மார்கழித் தேரை அங்கருந்து பாக்கறது, ஆனித் தேரை இங்கருந்து பாக்கறது."

"எத்தனை வருஷமா?"

"கட்டிக்கினு வந்த நாளா." தொடுத்த சரத்தை முழங்கையில் வைத்து அளந்தார். "ரெண்டு மொழம் வாங்கிக்க தம்பி. நடை தொறக்கற நேரம் ஆயிடுச்சி."